பள்ளி வகுப்பறைகளுக்கு முன்வார்ப்புக் கான்கிரீட் சுவர்ப் பலகங்கள் பொருந்துமா?

கேள்வி: பள்ளிச் செயலர், நாகப்பட்டினம் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியின் செயலராகப் பொறுப்பு வகிக்கிறேன். ஓட்டுக் கூரையோடு இருந்த பழைய கட்டடத்தின் சுவர்கள் விரிசல் கண்டுவிட்டதால் அதைப் பூட்டிவிட்டு, இரண்டு வகுப்புகளைக் கூட்ட அரங்கில் தட்டி மறைப்பின் இருபுறமும் உட்கார வைத்து நடத்தி வருகிறோம். ஒரு பக்கம் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினால் மறுபக்கம் ஆசிரியர் பேசுவது காதில் விழுவதில்லை. ஆகவே கீழ்த்தளத்தில் 3, மேல்தளத்தில் 3 என, 20 அடிக்கு 20 அடி அளவில் 6 வகுப்பறைகளைத் தாழ்வாரத்துடன் கட்ட நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. செலவில் பெரும்பகுதியை முன்னாள் மாணவர்கள் ஏற்றுக்கொண்டுள்ளனர்.

செங்கல் சுவருக்குப் பதிலாக, ஆலையில் முன்கூட்டியே வார்த்த (முன்வார்ப்பு) கான்கிரீட் பலகங்களைக் கொண்டுவந்து நிறுத்தினால் கோடை விடுமுறை முடிவதற்குள் வகுப்பறைகளைத் திறந்துவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் ஒருவர் கூறுகிறார். குழுவில் சிலருக்கு இது பிடித்திருக்கிறது. பிள்ளைகள் நடமாடும் வளாகத்தில் மாதக்கணக்கில் ஜல்லியும் கம்பியும் கிடப்பதை யாரும் விரும்பவில்லை. ஆனால் 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்த பிறகு, பெற்றோர் கூட்டம் எதுவானாலும் முதல் கேள்வி சுவரைப் பற்றியதாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் கான்கிரீட் பலகைகள் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன என்ற செய்தியையும் ஒருவர் எடுத்துக்காட்டினார்.

எங்கள் இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 4 கி.மீ. தொலைவு, களிமண் நிலம், பிரதான சாலையிலிருந்து பள்ளிக்கு வரும் ஒரே வழி வாய்க்கால் மேலுள்ள ஒரு பழைய சிறு பாலத்தைக் கடந்து வருகிறது. கஜா புயலின்போது ஊர் மக்கள் தங்கியதும் இந்தப் பள்ளியில்தான். இத்தகைய இடத்தில் இந்த முறை உறுதியாக நிற்குமா, வெயிலும் மழையும் உள்ளே வராமல் இருக்குமா, உரிமம் பெறுவதில் இடையூறு உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: கட்டமைப்புப் பொறியாளர், திருச்சிராப்பள்ளி

ஐயா, வணக்கம். ஒப்பந்தக்காரர் காட்டும் பொருள் எது என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் 'ரெடிமேட் சுவர்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. பள்ளமிட்ட கான்கிரீட் தூண்களை நட்டு, அவற்றுக்கிடையே மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுவது சுற்றுச்சுவருக்கு உரியது. அது எந்தக் கூரையையும் தாங்கக் கூடாது, வகுப்பறைக்கு அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. இரண்டாவது, இருபுறமும் சிமென்ட் அட்டையும் நடுவில் தெர்மோகோல் மணிகள் கலந்த இலகுக் கலவையும் கொண்ட பலகம். இது தடுப்புச் சுவருக்கு ஏற்றது, பளு தாங்கும் சுவருக்கு அன்று. மூன்றாவதுதான் நாம் பேச வேண்டியது: கணக்கிட்டு வடிவமைத்து, கம்பி கட்டி, எம்30 அல்லது அதற்கு மேற்பட்ட தரக் கான்கிரீட்டில் வார்க்கப்படும் திடமான பலகம். 150 மி.மீ. தடிமனுள்ள இத்தகைய பலகம் இரண்டு தளப் பள்ளிக் கட்டடத்தின் எடையை மிக எளிதாகத் தாங்கும். தமிழ்நாட்டிலேயே, சென்னை பெரும்பாக்கத்தில் 2022இல் திறக்கப்பட்ட 1,152 வீடுகள் கொண்ட, மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டக் குடியிருப்பு முன்வார்ப்புக் கான்கிரீட் உறுப்புகளைக் கொண்டு கட்டப்பட்டதுதான்.

இங்கிலாந்துச் செய்தி வேறு பொருளைப் பற்றியது. 2023 ஆகஸ்ட் இறுதியில், பள்ளி திறக்கச் சில நாள்களே இருந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடப் பகுதிகளை மூடச் சொன்னார்கள். அங்கே சிக்கலானது, காற்றுக் குமிழிகள் நிறைந்த, நீராவி அழுத்தத்தில் பதப்படுத்திய இலகு கான்கிரீட் பலகைகள். பெரும்பாலும் பல பத்தாண்டுகளுக்கு முன் கூரைகளில் போடப்பட்டவை. ஈரம் எளிதில் புகுவதும், தாங்குமிடத்தில் போதிய அகலம் இல்லாமல் அமர்ந்திருப்பதும் அவற்றின் குறைகள். திடக் கான்கிரீட் பலகத்தை அதனோடு சேர்த்து எண்ண வேண்டியதில்லை. ஆயினும் அமரும் அகலம் போதாமை என்ற குறை எந்த முன்வார்ப்பு உறுப்புக்கும் வரக்கூடியது என்பதை மனத்தில் வையுங்கள்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். பலகம் பெரும்பாலும் தோற்பதில்லை. தோற்பது பலகமும் பலகமும் சேரும் இடம். இதற்குப் பள்ளிகளிலிருந்தே ஒரு கசப்பான சான்று உண்டு. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியை நிலநடுக்கம் தாக்கியபோது, அதற்குச் சிறிது காலம் முன்புதான் முன்வார்ப்பு உறுப்புகளால் கட்டி முடிக்கப்பட்டிருந்த ஒற்றைத்தளப் பள்ளிக் கட்டடங்கள் பல சரிந்தன. புதிய கட்டடங்கள், கான்கிரீட்டும் நன்றாகவே இருந்தது. ஆனால் கூரைப் பலகைகள் ஒன்றோடொன்றும் தம்மைத் தாங்கிய சுவர்களோடும் உறுதியாகப் பிணைக்கப்படாமல், தம் எடையால் மட்டுமே அமர்ந்திருந்தன. நிலம் பக்கவாட்டில் அசைந்ததும் அவை தத்தம் போக்கில் நகர்ந்து விழுந்தன.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவில் ஏற்பட்ட ஸ்பிடாக் நிலநடுக்கத்தில், லெனினாக்கன் நகரில் முன்வார்ப்புத் தூண்களும் உத்திரங்களும் கொண்ட 9 தளக் கட்டடங்கள் பெரும் எண்ணிக்கையில் இடிந்தன; அதே நகரில், பெரிய சுவர்ப் பலகங்களை நன்கு பிணைத்துக் கட்டியிருந்த கட்டடங்கள் நின்றன. ஆகவே முன்வார்ப்பு என்றாலே ஆபத்து என்பதும் சரியன்று, முன்வார்ப்பு என்றாலே ஆலைத் தரம் என்று நிம்மதி கொள்வதும் சரியன்று. வரைபடத்தில் மூட்டுகளைக் காட்டும் தாள்கள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். சுவரின் நீள அகலம் மட்டும் வரைந்து, மூட்டைத் 'தளத்தில் முடிவு செய்யப்படும்' என்று விட்டிருந்தால் அந்த ஒப்பந்தக்காரரோடு மேலே பேச வேண்டாம்.

மூட்டில் நான் எதிர்பார்ப்பது இதுதான்: அஸ்திவாரத்தின் மேலுள்ள பிளிந்த் பீமிலிருந்து (தரைமட்ட உத்திரம்) மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் பலகத்தின் அடியிலுள்ள குழாய்களுக்குள் நுழைந்து, சுருங்காத கிரௌட்டால் (இடைவெளியை நிரப்பும் சிமென்ட் குழம்பு) நிரப்பப்பட வேண்டும். அடுத்தடுத்த பலகங்களின் ஓரங்களில் வளையக் கம்பிகள் வெளியே நின்று ஒன்றையொன்று மேவி, அவற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கம்பி இறங்கி, அந்த இடைவெளி முழுதும் தளத்திலேயே கான்கிரீட்டால் நிரம்ப வேண்டும். மேல்தளத்திலும் கூரையிலும், பலகைகளின் மேல் வலைக்கம்பி பரப்பி மேற்பூச்சுக் கான்கிரீட் இட்டு, கட்டடத்தின் நான்கு புறமும் சுற்றிவரும் இணைப்புக் கம்பிகளோடு சேர்க்க வேண்டும். அப்போதுதான் தளம் முழுதும் ஒரே தட்டாக இயங்கி, பக்கவாட்டு விசையை எல்லாச் சுவர்களுக்கும் பகிர்ந்தளிக்கும். ஐ.எஸ். 15916, ஐ.எஸ். 11447 ஆகிய இந்தியத் தர ஆவணங்களும், 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் இவ்வகைக் கட்டுமானத்துக்கு வழிகாட்டுகின்றன. உங்கள் வடிவமைப்பாளர் எவற்றைப் பின்பற்றினார் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் ஊருக்கென்று தனியாக மூன்று செய்திகள் உண்டு. பள்ளிகளுக்கு நிலநடுக்க விசையை 1.5 என்ற முக்கியத்துவக் காரணியால் பெருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 1893இன் 2016 பதிப்பு கூறுகிறது. கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கி.மீ.க்குள் அமையும் பள்ளிகள் புயலுக்குப் பின் மக்கள் தங்கும் இடங்களாகக் கருதப்படுவதால், காற்றின் வேகத்தை 1.30 என்ற காரணியால் பெருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதி 2015 பதிப்பில் கூறுகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், இந்த ஒரு காரணியே அழுத்தத்தை ஏறத்தாழ 70 விழுக்காடு கூட்டிவிடும். சென்னையிலோ கோவையிலோ வீட்டுக்காகச் செய்த கணக்கை உங்கள் பள்ளிக்கு அப்படியே எடுத்துக்கொடுத்தால் அது செல்லாது.

மூன்றாவது உப்புக் காற்று. கடலோரச் சூழலில் ஐ.எஸ். 456 குறைந்தது எம்30 தரத்தையும் 45 மி.மீ. கம்பி மூடலையும் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் தடிமன்) கேட்கிறது. 150 மி.மீ. பலகத்தில் இருபுறமும் வலைக்கம்பி வைத்து, இருபுறமும் 45 மி.மீ. மூடல் விட்டால், நடுவில் 60 மி.மீ.தான் மிஞ்சும்; கம்பிகளின் தடிமனும் அதற்குள் அடங்க வேண்டும். வார்க்கும் இடத்தில் கை சற்று நழுவினாலும் கம்பி ஒரு பக்கம் ஒதுங்கி, சில ஆண்டுகளில் துரு அந்தப் பக்கத்தைப் பிளந்துவிடும். எனவே வெளிச்சுவர்களுக்குத் தடிமனைக் கூட்டச் சொல்லுங்கள், அல்லது கணக்கு அனுமதித்தால் நடுவில் ஒரே வலைக்கம்பி வைத்து வடிவமைக்கச் சொல்லுங்கள். இரும்புத் தகடுகளைப் பற்றவைத்துச் சேர்க்கும் மூட்டை உங்கள் ஊருக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பற்றவைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும். அதன்மேல் அடிக்கும் வண்ணம் கடற்காற்றை நீண்ட நாள் தடுக்காது. துருப்பிடிப்பதோ சுவருக்குள்ளே, யார் கண்ணிலும் படாமல்.

மறுமொழி 2: தளப் பொறியாளர், முன்வார்ப்பு நிறுவல் பணி

மேலே நண்பர் வடிவமைப்பை விரிவாகச் சொல்லிவிட்டார். நான் பாலத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் திட்டத்தின் தலையெழுத்தை அதுவே தீர்மானிக்கும் என்று நினைக்கிறேன். 3 மீட்டர் அகலம், 3.2 மீட்டர் உயரம், 150 மி.மீ. தடிமனுள்ள ஒரு பலகத்தின் எடை ஏறத்தாழ 3.6 டன். பலகங்களைப் படுக்க வைத்து ஏற்றிவரக் கூடாது. ஏ வடிவச் சட்டத்தில் சாய்த்து நிறுத்தி, டிரெய்லரில் கொண்டுவர வேண்டும். சில பலகங்களும் வண்டியும் சேர்ந்தாலே பழைய வாய்க்கால் பாலத்துக்குப் பெரும் பளு. அதைவிடக் கனமானது கிரேன். கிரேனின் மேல் எழுதியுள்ள டன் அளவு, அதன் கை மிகக் குறுகிய தொலைவில் இருக்கும்போது தூக்கக்கூடிய எடை. 10 மீட்டர் தள்ளி 3.6 டன்னை இறக்க வேண்டுமானால் அதைப்போல் பலமடங்கு திறன் எழுதிய கிரேன் தேவைப்படும். களிமண் தரையில் அதன் கால்களுக்குக் கீழே எஃகுத் தட்டோ கனத்த மரத்தடிகளோ விரிக்காமல் நிறுத்தினால் ஒரு கால் புதைந்து கிரேனே சாயும்.

பாலம் தாங்காது என்று தெரிந்தால் முன்வார்ப்பை அடியோடு கைவிட வேண்டியதில்லை. பள்ளி வளாகத்திலேயே, சமமாக இட்ட கான்கிரீட் தரையின் மேல், ஒட்டாமல் பிரியும் எண்ணெய்ப் பூச்சு தடவி, பலகங்களைப் படுக்கையில் வார்த்து, உரிய வலிமை வந்தபின் நிமிர்த்தி நிறுத்தலாம். கிரேன் ஒருமுறை வந்து போவதற்கு மட்டும் பாலத்துக்கு முட்டுக் கொடுப்பதோ மாற்றுவழி தேடுவதோ, பல டிரெய்லர்களைக் கடத்துவதைவிட எளிது. ஆனால் ஆலையில் கிடைக்கும் கட்டுப்பாடு தானாக வராது; கலவையின் நீர் அளவு, அதிர்வுக் கருவி, நீர் ஊற்றிப் பதப்படுத்துதல் ஆகிய மூன்றையும் தினமும் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். வகுப்பு நடக்கும் நாள்களில் விளையாட்டுத் திடலில் இதைச் செய்வதானால் தகர வேலியும் காவலும் வேண்டும்.

தூக்கும்போது கவனிக்க வேண்டியது பலகத்தில் பதித்த தூக்குவளையம். கம்பி கட்டும் வேலையில் மீந்த முறுக்குக்கம்பித் துண்டை வளைத்து வளையமாகப் பதிக்கும் வழக்கத்தை எங்கு பார்த்தாலும் நிறுத்துங்கள்; அது முன்னறிவிப்பின்றி ஒடியக்கூடியது. அதற்கென்று செய்த தூக்கு நங்கூரங்களைத்தான் பயன்படுத்த வேண்டும். நிறுத்திய ஒவ்வொரு பலகத்துக்கும் இரண்டு சாய்வு முட்டுகள் கொடுத்து, மூட்டுக் கான்கிரீட் வலிமை பெற்று மேல்தளமும் பிணைக்கப்பட்ட பிறகே அவற்றைக் கழற்ற வேண்டும். முட்டோடு மட்டும் நிற்கும் பலகம்தான் இந்தக் கட்டுமானத்தின் மிக ஆபத்தான நிலை. அந்த நாள்களில் ஒரு மாணவன்கூட அந்தப் பக்கம் வரக் கூடாது.

கிரௌட் நிரப்புவதைச் செயலரே நேரில் நின்று பாருங்கள் ஐயா, அதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. பலகத்தின் அடிப்பகுதியில் ஒவ்வொரு குழாய்க்கும் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு துளைகள் இருக்கும். கீழ்த் துளை வழியே கிரௌட்டைச் செலுத்தும்போது, மேல் துளையில் முதலில் காற்று வரும், பிறகு குமிழிகளோடு நீர்த்த குழம்பு வரும், அதன் பிறகுதான் கெட்டியான கிரௌட் சீராக வழியும். அது வழிந்த பிறகே மேல் துளையை அடைக்க வேண்டும். குமிழி வரும்போதே அடைத்துவிட்டால் உள்ளே வெற்றிடம் நிற்கும். வெளியிலிருந்து எந்தப் பரிசோதகரும் அதை எளிதில் கண்டுபிடிக்க முடியாது. லண்டனின் ரோனன் பாயின்ட் என்ற 22 தளப் பலகக் கட்டடத்தில் 1968 மே 16 அன்று 18ஆம் தளத்தில் எரிவாயு வெடித்து, ஒரு மூலை முழுதும் அடுக்கடுக்காகச் சரிந்து 4 பேர் இறந்தனர். பின்னர் 1986இல் அக்கட்டடத்தைப் பிரித்தபோது மூட்டுகள் சரிவர நிரப்பப்படாமல் இருந்தது தெரியவந்தது. கட்டிய நாளில் பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆள் இல்லாததன் விளைவு என்றே நான் அதை எண்ணுகிறேன்.

மறுமொழி 3: கட்டடக்கலைஞர், புதுச்சேரி

வணக்கம் ஐயா. உறுதியைப் பற்றிப் போதுமான அளவு பேசப்பட்டுவிட்டது. பிள்ளைகள் அந்த அறையில் உட்கார்ந்து படிக்க வேண்டுமே என்பது என் கவலை. 150 மி.மீ. திடக் கான்கிரீட் சுவர், இருபுறமும் பூசிய 230 மி.மீ. செங்கல் சுவரைவிட ஏறத்தாழ இருமடங்கு வெப்பத்தை உள்ளே கடத்தும். மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலில் சூடாகி, கடைசிப் பாடவேளைகளில் அந்தச் சூட்டை அறைக்குள் விடும். ஆகவே கட்டடத்தின் நீண்ட பக்கம் வடக்கும் தெற்கும் நோக்கியிருக்குமாறு அதைத் திருப்பி, மேற்கில் மாடிப்படியையோ கழிவறையையோ வைத்துவிடுங்கள். தெற்கில் தாழ்வாரம் வந்தால் சுவரில் நேர்வெயில் பெரும்பாலும் படாது. இவ்வளவும் செலவில்லாத வேலை. மேற்குப் பக்கம் வகுப்பறைச் சுவர் வந்தே தீரும் என்றால், அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் இரண்டு கான்கிரீட் தகடுகளுக்கு நடுவே 50 மி.மீ. வெப்பத்தடுப்புப் பலகை வைத்து வார்க்கும் இருமடிப் பலகத்தைக் கேளுங்கள். மேல்தள அறைகளில் சூட்டின் பெரும்பங்கு கூரை வழியாகவே வருவதால், வெள்ளை ஓடு பதித்த மொட்டைமாடியை மறந்துவிட்டுச் சுவருக்கு மட்டும் பணம் செலவிடுவதில் பயனில்லை.

ஒலியைப் பொறுத்தவரை உங்களுக்கு நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. இந்தக் கனமுள்ள சுவர், மூட்டுகள் முழுதும் அடைபட்டிருந்தால், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டை நன்றாகவே தடுக்கும். ஆனால் பூச்சில்லாத வழுவழுப்பான கான்கிரீட் நான்கு புறமும் இருக்கும் அறையில் ஆசிரியரின் குரல் எதிரொலித்து, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். பின்வரிசைப் பிள்ளைக்கு எதுவும் தெளிவாகக் கேட்காது. எதிரொலி அடங்கும் நேரம் வகுப்பறையில் ஏறத்தாழ 0.6 விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பின்சுவரின் மேற்பாதியில் ஒலி உறிஞ்சும் மென்பலகைகளைப் பொருத்தினால் பெரும் வேறுபாடு தெரியும். அவற்றையே பிள்ளைகளின் படங்களைக் குத்திவைக்கும் பலகையாகவும் பயன்படுத்தலாம்.

மழைக்கு இரண்டு தடுப்புகள் வேண்டும். வெளி மூட்டில் நுரைக்கயிறு வைத்து அதன்மேல் பாலியூரித்தேன் வகைச் சீலன்ட் (மூட்டை அடைக்கும் பசை) இடுவது முதல் தடுப்பு. அது வெயிலில் இறுகி விரிசல் விடும் பொருள் என்பதால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும். அதையும் மீறி உள்ளே வரும் நீர், மூட்டின் நடுவிலுள்ள காலிப் பள்ளம் வழியே கீழே இறங்கி வெளியேறுமாறு அமைப்பது இரண்டாவது. கிடைமட்ட மூட்டில் வெளிப்பக்கம் தாழ்ந்தும் உள்பக்கம் உயர்ந்தும் ஒரு படி இருக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் காற்று மழையைச் சுவரோடு சேர்த்து அழுத்தும்போது, சீலன்டை மட்டும் நம்பிய மூட்டு ஒழுகியே தீரும்.

மறுமொழி 4: கட்டட ஒப்பந்தக்காரர், மயிலாடுதுறை

இவ்வளவையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவதை மறைக்காமல் சொல்கிறேன். 6 அறைக்கு இது தேவையா? அச்சு செய்யும் செலவும் கிரேன் வாடகையும் ஆறு அறைக்கும் அறுபது அறைக்கும் பெரிதாக மாறுவதில்லை. வழக்கம்போல் தூணும் உத்திரமும் தளத்தில் வார்த்து, சாம்பல் செங்கல்லால் சுவர் எழுப்பினால் ஊர்க் கொத்தனார்களே செய்வார்கள். பின்னாளில் ஒரு கதவு வைக்க வேண்டுமென்றாலும் இடித்துக்கொள்ளலாம். பலகத்தில் பின்னர் துளையிட்டால் உள்ளே கம்பி அறுபடும். விரைவு ஒன்றே காரணமென்றால், ஒரு பருவம் பொறுப்பது நல்லது என்பேன்.

மீண்டும் கேள்வியாளர்: பள்ளிச் செயலர், நாகப்பட்டினம் மாவட்டம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒப்பந்தக்காரரிடம் மூட்டு வரைபடங்களைக் கேட்டேன். தருவதாகக் கூறியிருக்கிறார், இன்னும் வரவில்லை. இதற்கிடையே அவரே ஒரு மாற்றுவழி சொல்கிறார்: தூண்களையும் உத்திரங்களையும் வழக்கம்போல் தளத்தில் வார்த்துவிட்டு, அவற்றுக்கிடையே மட்டும் சுவர்ப் பலகங்களை நிறுத்தலாம் என்கிறார். இது பாதுகாப்பானதா? உரிமம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

மறுமொழி 5: கட்டமைப்புப் பொறியாளர், திருச்சிராப்பள்ளி

மயிலாடுதுறை நண்பர் செலவைப் பற்றிச் சொன்னது உண்மை. பக்கத்தில் ஏற்கெனவே அச்சுகளோடு இயங்கும் ஆலை இல்லையென்றால் 6 அறைக்கு முன்வார்ப்பு மலிவாக முடியாது. ஆனால் ஒரு பருவம் பொறுப்பது என்பது அந்த இரண்டு வகுப்புகளும் தட்டிக்குப் பின்னால் இன்னோர் ஆண்டு உட்காருவது. அதன் விலையையும் குழு கணக்கில் கொள்ள வேண்டும். மேலும் சாம்பல் செங்கல் சுவரும் இடையிடையே பட்டைக் கான்கிரீட் இல்லாமல் எழுப்பப்பட்டால் புயற்காற்றில் வெளிப்புறமாகச் சாயக்கூடியதே.

தூண்களுக்கிடையே பலகம் நிறுத்தும் முறை பாதுகாப்பானதாக இருக்க முடியும். ஆனால் வகுப்பறைகளில் ஒரு குறிப்பிட்ட ஆபத்து ஒளிந்திருக்கிறது. வெளிச்சத்துக்காகத் தூணுக்குத் தூண் நீண்ட சன்னல் வைப்போம். அதன் கீழே மார்பளவுக்குச் சுவர் வரும். அந்தச் சுவர்ப் பலகம் தூணோடு இறுக ஒட்டியிருந்தால், நிலநடுக்கத்தில் தூணின் கீழ்ப்பாதி அசைய முடியாமல் போக, முழு வளைவும் சன்னல் உயரத்திலுள்ள குட்டைப் பகுதியில் விழும். உலகெங்கும் பள்ளிக் கட்டடங்களின் தூண்கள் சன்னல் உயரத்தில் குறுக்காகப் பிளந்ததற்கு இதுவே பொதுவான காரணம். ஆகவே பலகத்துக்கும் தூணுக்கும் இடையே கணக்கிட்ட இடைவெளி விட்டு, அதை நெகிழும் பொருளால் நிரப்பி, பலகம் வெளியே சாயாமல் மட்டும் மேலும் கீழும் கொக்கிகளால் பிடித்துவைக்க வேண்டும். கொக்கிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். ஒப்பந்தக்காரர் இதைத் தாமாகவே சொன்னால் அவர் விவரம் அறிந்தவர். இடைவெளியைச் சிமென்ட் கலவையால் அடைத்துவிடலாம் என்றால் அந்த முறை வேண்டாம்.

களிமண்ணை மறந்துவிடாதீர்கள். ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் மண்ணில் தனித்தனி அஸ்திவாரம் சமமின்றி இறங்கினால், செங்கல் சுவரில் மயிரிழை விரிசலாகப் பரவிப்போகும் அசைவு, பலகக் கட்டடத்தில் மூட்டு மூட்டாகத் திரண்டு தெரியும். மண் பரிசோதனை செய்யாமல் எந்த முறையையும் முடிவு செய்ய வேண்டாம்.

உரிமத்தைப் பொறுத்தவரை, 1965ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டத்தின்படி வட்டாட்சியரிடம் கட்டட உரிமம் பெற வேண்டும். அதற்குக் கட்டட உறுதிச் சான்று தேவை. சான்று தரும் பொறியாளர் கட்டி முடித்த சுவரின் வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்திட இயலாது என்று சொல்வது நியாயமே. எனவே பலகம் நிறுத்தும் நாள்களிலேயே அவரை வரவழைத்து, மூட்டுகளை மூடுமுன் படம் எடுத்து, கிரௌட் கனசதுர மாதிரிகளின் பரிசோதனை முடிவுகளையும் சேர்த்து ஒரு கோப்பாக வையுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த மாநிலம் இது. தீயணைப்புத் துறையின் சான்றையும் கேட்பார்கள். கான்கிரீட் பலகம் எரியாது. ஆனால் இருமடிப் பலகத்தின் நடுவிலுள்ள வெப்பத்தடுப்புப் பொருள் எரியக்கூடியதாக இருந்தால், சன்னல் கதவு ஓரங்களில் அது வெளியே தெரியாமல் கான்கிரீட்டால் மூடப்பட்டிருக்க வேண்டும்.

கால அட்டவணையைப் பற்றி ஒரு சொல். மே மாதத்தில் தொடங்கி ஜூனில் திறப்பது என்பது பலகங்களை நிறுத்தும் பணிக்கு மட்டுமே பொருந்தும். மண் பரிசோதனை, வரைபடம், அஸ்திவாரம், பிளிந்த் பீம் ஆகியவை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பலகங்களும் மாசி, பங்குனியிலேயே வார்க்கப்பட்டு வலிமை பெற்றிருக்க வேண்டும். பிளிந்த் பீமிலிருந்து நீட்டும் கம்பிகளின் இடத்தை ஒட்டுப்பலகை அச்சால் சரிபார்த்து வையுங்கள்; 20 மி.மீ. விலகினால்கூடப் பலகம் இறங்காது, அப்போது தளத்தில் கம்பியை வளைக்கவோ அறுக்கவோ யாராவது முன்வருவார்கள். அதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். மின்குழாய், விசிறிக் கொக்கி, கரும்பலகைக்கான பிடிப்பு, சாய்தளக் கைப்பிடி என அனைத்தின் இடத்தையும் வார்ப்பதற்கு முன் தலைமையாசிரியரோடு அமர்ந்து குறித்துவிடுங்கள். கட்டி முடித்த வரைபடத்தின் ஒரு படியைப் பள்ளி அலுவலகத்திலேயே வையுங்கள். பின்னாளில் குளிர்சாதனம் பொருத்தவோ இணையக் கம்பி இழுக்கவோ வருபவர், எந்த இடத்தில் துளையிடக் கூடாது என்பதை அதைப் பார்த்தே அறிய முடியும்.

மூட்டு வரைபடங்கள் வந்தவுடன் இங்கேயே பதிவிடுங்கள் ஐயா, பார்த்துச் சொல்கிறேன்.